ஃபிலா கரைக்குக் கொண்டுவந்த கடற்பன்றிகள்

ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கிரியாக் தன் மனைவியைப் படகில் ஏற்றினான். அவனோடு கூடத் தொழில் செய்துகொண்டிருந்த ஆள் தக்காளி பறிக்க ஸ்பெயினுக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை ஃபிலா வந்து வலையைப் பிடித்தால் போதும் என்பது பேச்சு. வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாரம் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

திரெந்தாஃபிலா என்பது முழுப்பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அலை வந்துவிடும் என்று கிரியாக்தான் ஃபிலாவாகக் குறைத்தான். அவள் உள்நாட்டுக்காரி. தொப்ருஜாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவள். கவர்னா என்ற சிறு பட்டணத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் துறைக்கு அவள் வந்தது மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்க்க. ஆலையில் அவளுக்குக் கிடைத்தது கிரியாக்கும் மூட்டுவலியும். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி போனபோது ஆலையும் போயிற்று. மற்ற இரண்டும் தங்கிவிட்டன.

எங்கள் துறை பிழைப்பதே கல்கான் மீனால். தாம்பாளம் போலத் தட்டையாக, முதுகெல்லாம் கல் பதித்தாற்போல முடிச்சுகளோடு, அடிக்கடலில் மணலோடு மணலாகப் படுத்திருக்கும் மீன் அது. அதைப் பிடிக்கப் பெரிய கண் வலையைக் கடலடியில் சுவர் மாதிரி நிறுத்தி, இரண்டு முனையிலும் மிதவை கட்டி, அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போய்த் தூக்க வேண்டும். காற்று விடாவிட்டால் அதற்கும் மேலாகும். அந்தச் சுவரில் கடற்பன்றியும் வந்து முட்டும். ஓங்கில் என்கிற டால்ஃபினுக்கு உறவு, ஆனால் ஓங்கிலைவிடச் சின்னது. மூக்கு நீளாத உருண்டை முகம். மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. வலையில் மாட்டினால் சில நிமிஷத்தில் மூச்சடைத்துப் போகும். அதனால் எங்கள் படகுகளுக்கு அது எப்போதும் பிணமாகத்தான் வந்து சேரும்.

முதன்முதல் அப்படி ஒன்று பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து வெளுப்பாக மேலே வந்தபோது ஃபிலா, "ஐயோ, யாரோ புள்ள!" என்று கத்திவிட்டாள். கிரியாக் இயந்திரத்தை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான்.

"புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடற்பன்றி. அறுத்து எடுத்துப் போடு."

"நானா?"

"பின்ன நானா?"

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கிரியாக் பெரிய உடம்புக்காரன். எங்கள் காப்பிக் கடைக் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவான். சண்டை என்றால் முன்னால் நிற்பான். ஆனால் கடற்பன்றியை அவனால் தொட முடியாது. அவன் சிறுவனாக இருந்தபோது ஓங்கில் வேட்டை சட்டப்படி நடந்தது. எண்ணெய்க்காக அரசாங்கமே சுட்டுக்கொண்டு வரச் சொன்ன காலம். அவன் அப்பா ஒருநாள் அவனை அழைத்துப்போனார். சுடப்பட்டது ஒன்று படகுக்குள் கிடந்து வெகுநேரம் சாகாமல் முனகியதாம். அவ்வளவுதான் அவன் சொன்னது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒரே ஒரு தடவை சொன்னான்.

ஆகவே கத்தி ஃபிலாவின் கைக்கு வந்தது. எடுத்துப் போடுவதோடு முடிகிற வேலையும் இல்லை அது. சும்மா வீசினால் உடம்பு உப்பி மிதந்து கரையில் ஒதுங்கும். கோடையில் கூடாரம் போட வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், பத்திரிகையில் வரும், அதிகாரிகள் வருவார்கள். அதனால் வயிற்றைக் கீறிவிட்டுப் போடுவது துறை வழக்கம். கீறினால் மூழ்கிவிடும். எல்லாப் படகிலும் நடக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃபிலா கையுறையை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கீறக் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் வீட்டுக்கு வந்து குளித்தாள், குளித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. சமையலுக்குக் கோழி அறுப்பது மாதிரி ஆகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஆகவில்லை. வெறும் அலுப்பாக ஆயிற்று.

ஐம்பத்தைந்து தாண்டியபோது அவளுக்கு வலது தோள் போயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. கூந்தலைப் பின்ன முடியாமல் வெட்டிக்கொண்டாள். ஒரு கடற்பன்றி என்பது பாதி ஆள் எடை. வலையைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு வரும். அதைப் பிரித்து எடுத்தால் வலையில் ஆள் நுழையும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை உட்கார்ந்து முடைய வேண்டியவளும் அவளே. மீன் முட்டையிடும் பருவத்துத் தடை முடிந்து ஜூன் நடுவில் வலை இறக்கினால், மாட்டுவது அதிகமாக இருப்பதும் அப்போதுதான்.

அந்த வருஷம் தடைக்காலத்தில், வர்னா நகரத்திலிருந்து ரலித்சா என்கிற பெண் ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். கடற்பிராணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முப்பது வயது இருக்கும், காற்றில் உரிந்த மூக்கு. காப்பிக் கடையில் மேஜைமேல் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தாள். உள்ளே வெள்ளரிக்காய் நீளத்துக்கு மஞ்சள் குழாய்கள். வலையில் கட்டினால் தண்ணீருக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுமாம், கடற்பன்றி கேட்டு விலகிப் போகுமாம்.

கடையில் சிரிப்பு கிளம்பியது. சிரிப்பைத் தொடங்கிவைத்தது பனயோத். கிரியாக்கின் அண்ணன், துறையின் மீனவர் சங்கத்துக்குத் தலைவர், காய்ந்த மனிதர், குரல் மட்டும் ஈரமாக இருக்கும்.

"விலகிப் போகுமா, இல்ல விருந்துக்கு மணி அடிச்சாச்சுன்னு ஓடி வருமா? ஏம்மா, நாங்க பாட்டுக்கு மீன் புடிச்சிட்டுக் கெடக்கோம். எங்க வலைல அப்பிடி ஒண்ணும் மாட்டுறதில்ல."

"ஒண்ணும் மாட்டுறதில்லையா?" என்றாள் ரலித்சா.

"எப்பவாச்சும். தவறிப்போய்."

கடை முழுக்க அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டது. மூலையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஃபிலா தோலைத் துப்பிவிட்டு, "அத நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

கிரியாக் திரும்பிப் பார்த்தான். "என்னத்த எடுத்துக்கற?"

"அந்தக் குழாய. எனக்குத் தோள் வலிக்குது. கம்மியா மாட்டுனா கம்மியாத் தூக்குவேன்."

"பாத்துக்க தம்பி," என்றார் பனயோத். "ஆடு மேச்ச ஊர்க்காரிய கட்டுனல்ல? இப்ப கடலுக்கும் கழுத்துமணி கட்டுறா."

"எங்க ஊர்ல கோதுமைதான் அண்ணே. ஆடெல்லாம் இங்க வந்துதான் பாத்தேன்," என்றாள் ஃபிலா. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் ரலித்சா இரண்டு நிபந்தனை சொன்னாள். முதலாவது, பாதி வலையில்தான் குழாய் கட்ட வேண்டும், மீதி பாதி வெறுமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஃபிலாவுக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்போ அந்தப் பாதில மாட்டுறது மாட்டட்டும். சாகட்டும். நீ எண்ணிக்கணும். அதானே?"

ரலித்சா முகம் சிவந்தாள். மழுப்பாமல், "ஆமாக்கா" என்றாள்.

"சரி. அப்போ நீயும் என் மாதிரிதான்."

இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது. செத்து வருகிறவற்றைக் கீறி அமிழ்த்தக் கூடாது. அவள் அளந்து பார்க்க, முழு உடம்பாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் துறையில் ஓங்கில் வேட்டை நின்ற நாளிலிருந்து யாரும் அதைச் செய்ததில்லை. செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அம்மணமாகத் தெருவில் நடக்கக் கூடாது என்றுகூடத்தான் எங்கள் ஊரில் எழுதி வைக்கவில்லை. ஃபிலா வேனின் சக்கரத்தைக் காலால் இரண்டு தரம் தட்டினாள்.

"கீறாம இருக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"கீறவே வேணாம்."

"அப்போ சரி."

தடை முடிந்ததும் வலையை இறக்கினார்கள். முதல் இரண்டு தடவை தூக்கியபோது மீன் நன்றாக இருந்தது, வேறெதுவும் இல்லை. கிரியாக்குக்கே ஆச்சரியம். "அந்த மூக்கு உரிஞ்ச பொண்ணு கெட்டிக்காரிதான் போல" என்றான். மூன்றாவது தடவை இறக்கியதற்கு மறுநாள் வாடைக்காற்று பிடித்தது. மேட்டில் இருக்கும் காற்றாலைகள் இரைய இரைய, கடல் மண்நிறமாகப் புரண்டது. ஒருவரும் துறையை விட்டு நகர முடியவில்லை. கிரியாக் ஜன்னலோரம் உட்கார்ந்து ரக்கியாச் சாராயம் குடித்தான். ஃபிலா அவரைக்கொட்டைச் சூப்பு வைத்தாள், துணி மடித்தாள், மறுபடி சூப்பு வைத்தாள். வலை கீழே நின்றுகொண்டேயிருந்தது.

காற்று அடங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். குழாய் கட்டிய வலையில் ஒன்று வந்தது, சின்னது. வெறும் வலையில் நான்கு. கல்கானும் வந்தது, நிறையவே வந்தது. ஃபிலா ஒவ்வொன்றாகக் கண்ணியை அறுத்து, வலையிலிருந்து உருவி, மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடத்தினாள். ஈர ரப்பர் போன்ற கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, முகத்தில் வலைநூல் பதிந்த கட்டம். கடைசியாக வந்தது பெரியது. அதை உள்ளே இழுக்க அவளால் முடியவில்லை. தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. "கிரியாக்," என்றாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "கிரியாக், எனக்கு முடியல."

அவன் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே வாலைப் பிடித்து இழுத்தான். போட்டுவிட்டுக் கடலில் கை கழுவினான், மறுபடியும் கழுவினான்.

"கொட்டிட்டுப் போயிடலாம் ஃபிலா. அஞ்சு இருக்கு. ஞாயித்துக்கெழம. கரையெல்லாம் ஆளு."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"அண்ணன் இருப்பாரு."

"இருக்கட்டும்."

"எனக்கு அவரு அண்ணன்டி."

"தெரியும். கீறவும் என்னால முடியாது. கத்தி உன் பக்கத்துலதான் இருக்கு. நீ கீறிக் கொட்டுறதுன்னா கொட்டு."

கிரியாக் கத்தியைப் பார்த்தான். அப்புறம் தார்ப்பாயை எடுத்து ஐந்தின்மேலும் போர்த்திவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினான்.

கரையில் உண்மையிலேயே ஆள் இருந்தது. கூடாரக்காரர்கள் மீன் வாங்க வந்து வரிசையாக நின்றார்கள், குழந்தைகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தன. பனயோத் கயிற்றை வாங்கிக் கட்டினார். கட்டியபடியே தார்ப்பாயைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு வால் தெரிந்தது.

"என்ன அது?"

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே," என்றாள் ஃபிலா.

பனயோத் குரலைத் தாழ்த்தினார். "திரும்பிப் போ. வெளிய போய்க் கொட்டிட்டு வா."

"இப்பதான் வந்தோம். தெம்பு இல்ல."

"உனக்குத் தெம்பு இல்லன்னு துறையையே மூடச் சொல்றியா? நாளைக்கி டிவிக்காரன் வருவான், அடுத்த நாள் அதிகாரி வருவான், கல்கான் புடிக்கவே கூடாதும்பான். என் மவன் ரெண்டு பேரும் ஜெர்மனில கக்கூஸ் கழுவப் போகணுமா? சொல்லு!"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அது ஃபிலாவுக்கும் தெரியும். ஆனாலும் தார்ப்பாயை இழுத்தாள். ரலித்சாவின் வேன் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஐந்தும் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து மீன் வாங்க நின்ற வரிசை கலைந்து சுற்றிலும் கூடியது. பிறகு வைக்கோல் தொப்பி போட்ட ஒரு சுற்றுலாக்காரப் பெண் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொலைகாரங்க! நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று கத்தினாள்.

"ஆமா," என்றாள் ஃபிலா. "கொஞ்சம் நகரும்மா, தூக்கணும்."

ரலித்சா ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் அளந்தாள். எல்லாவற்றையும் வேனில் ஏற்ற இடமில்லை. பெரியதை அங்கேயே அறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, வாலைப் பிடித்துக்கொள்ளும்படி ஃபிலாவைக் கேட்டாள். ஃபிலா குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். ரலித்சா வயிற்றை ஒரு பக்கமாக அழுத்தியபோது கெட்டியாக வெள்ளையாக ஏதோ வந்து சிமெண்டில் வழிந்தது.

ஃபிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாலா?"

"பால்தான்."

"அப்போ குட்டி?"

"வெளிய இருந்திருக்கும்க்கா. வலைக்கு வெளிய."

"அது என்ன ஆகும்?"

ரலித்சா கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வயசுல தானா தின்னத் தெரியாது," என்றாள்.

ஃபிலா வாலை விட்டுவிட்டு எழுந்தாள். எழுந்தவள் மீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள். எத்தனையோ கோடைகளில் அவள் முகம் பார்க்காமல் அவசரமாகக் கீறி வீசியிருக்கிறாள். தண்ணீரில் வெளுப்பாக ஏதாவது கலங்கியிருக்கும், அலை நுரை என்று விட்டிருப்பாள். இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அந்தப் பெட்டிமேலேயே, அத்தனை பேர் பார்க்க, படுத்துவிடலாம் போல இருந்தது.

கடைசியில் கரையைக் கழுவியது கிரியாக். வாளி வாளியாகக் கடல்தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

பனயோத் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. தொப்பிக்காரி எடுத்த படம் நாடு முழுக்கப் போயிற்று. டிவிக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள் வந்து எல்லாப் படகுகளின் வலையையும் அவிழ்த்து அளந்தார்கள். வர்னாவில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் மகள் நெவியானா போனில் அழைத்து, "அம்மா, பசங்க எங்கிட்ட கேக்குறாங்க, அந்தப் பொம்பள உங்களுக்குச் சொந்தமான்னு. நான் என்ன சொல்றது?" என்றாள்.

"எங்க அம்மான்னு சொல்லு."

"ஏம்மா கரைக்குக் கொண்டுவந்த?"

"கொண்டுவராட்டி மட்டும் சாகாமலா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள் ஃபிலா.

காப்பிக் கடையில் கிரியாக் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அண்ணன் அவனைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் மாறினார். ஈஸ்டருக்கு முட்டை மாற்றிக்கொள்கிற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. கிரியாக் ஃபிலாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் வலையை இறக்கினார்கள். வேறு என்ன செய்வது? ஒரு வாரம் கழித்துத் தூக்கப் போனபோது மிதவைகளைக் காணோம். ஜிபிஎஸ் கருவி இடம் சரி என்றது. கிரியாக் வட்டமடித்து வட்டமடித்துப் பார்த்தான். கடைசியில் ஒரு மிதவை மட்டும் தொலைவில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

கிரியாக் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "போகட்டும் விடு," என்றான். "வேற வலை பாத்துக்கலாம். இல்லன்னா தொழிலையே விட்டுடலாம்."

"வலை கீழதான் நிக்குது."

"நிக்கட்டும்."

"நின்னா புடிக்கும் கிரியாக். தூக்க ஆளில்லாட்டியும் அது பாட்டுக்குப் புடிச்சிட்டே இருக்கும். மீனு, நண்டு, அதுங்க எல்லாம். பேட்டரி போனதும் அந்தக் குழாயும் ஊமையாயிடும்."

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி மாதிரி ஒரு நாலுமுனைக் கொக்கி படகில் உண்டு. அதைக் கயிற்றில் கட்டி அடிக்கடலில் உரசவிட்டு, மெதுவாகப் படகை ஓட்டி, வலையில் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று முழுக்க இழுத்தார்கள். கல்லில் மாட்டியது, பழைய கம்பியில் மாட்டியது, வலையில் மாட்டவில்லை. மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். கிரியாக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபிலா இடது கையால் மட்டும் கயிற்றைப் பிடித்தாள். வெயிலில் இருவருக்கும் உதடு வெடித்தது. ரொட்டியும் உப்பு வெள்ளரியும் தின்றார்கள்.

நான்காவது நாள் ஒரு படகு அவர்களைப் பார்த்து வந்தது. பனயோத், தனியாக. சண்டை போட இவ்வளவு தூரம் வருகிறாரே என்று ஃபிலா நினைத்தாள். அவர் பக்கத்தில் வந்து இயந்திரத்தைக் குறைத்தார். தம்பியைப் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"இப்பிடி நீளவாக்குல இழுத்தா இன்னும் ஒரு மாசம் இழுக்கலாம். குறுக்க இழுக்கணும். போன வாரம் அடிச்ச வாடைல தெக்க நகந்திருக்கும். நான் அந்தப் பக்கம் பாக்குறேன்."

"நீங்க எதுக்கு வந்தீங்க அண்ணே?" என்றாள் ஃபிலா.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அறுத்தவன் என் வீட்டுலதான் இருக்கான். நேத்துதான் சொன்னான். கடலுக்கு அடியில வலைய அநாதையா வுடுற பழக்கம் எங்க பரம்பரைக்கே கிடையாது." தொப்பியை மாட்டிக்கொண்டு, "உம்மேல இருக்குற கோவம் போகல. அத மனசுல வச்சிக்க" என்றார்.

"வச்சிக்கறேன்."

மத்தியானத்துக்கு மேல் பனயோத்தின் கொக்கி மாட்டியது. இரண்டு படகையும் சேர்த்துக் கட்டி மூன்று பேரும் தூக்கினார்கள். நாற்றம்தான் முதலில் வந்தது. கல்கான்கள் நண்டு அரித்து வெறும் முள்ளாக வந்தன. கடற்பன்றி மூன்று இருந்தன. தொட்டால் தோல் கையோடு வந்தது. கிரியாக் வாயைப் பொத்திக்கொண்டு படகின் பின்பக்கம் போய்விட்டான். ஃபிலா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். தோள் அவளை அப்படியே நிறுத்தியது.

"தள்ளு," என்றார் பனயோத். தன் கத்தியை எடுத்து ஒவ்வொரு கண்ணியாக அவரே அறுத்தார். அவர் கை பழகிய கைதான். மூன்றாவதை விடுவித்ததும் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதையும் அந்தப் பொண்ணுக்குக் கொண்டுபோகணுமா?" என்று கேட்டார்.

"இது அழுகிப்போச்சு அண்ணே. வுட்டுடலாம். ஆனா சொல்லணும்."

"சொல்லு. என் பேரச் சொல்லாத."

அடுத்த வாரம் ரலித்சா வந்தபோது ஃபிலா வலை முடைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "பாதிப் பாதி வேல இனிமே கெடையாது. கட்டுறதுன்னா எல்லா வலைலயும் கட்டு. இல்லன்னா குழாய எடுத்துட்டுப் போ."

"அக்கா, இன்னும் ஒரு வருஷம் பண்ணாத்தான் கணக்கு நிக்கும். அத வச்சுத்தான் மத்த துறைக்கெல்லாம் குழாய் கேக்க முடியும்."

"இருக்கலாம். நீ சொல்றது சரியாக்கூட இருக்கும். வேற ஆளப் பாரு. என்னால முடியாது."

ரலித்சா வேன் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். மீதி வலைக்கும் குழாய்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கணக்கு நின்றதா விழுந்ததா என்று ஃபிலா கேட்கவில்லை. கிரியாக்கும் ஃபிலாவும் வலையைப் பாதியாகக் குறைத்தார்கள். பத்து நாள் விட்டுவைப்பதை நிறுத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை போய்த் தூக்கினார்கள். இதனால் வேலை குறையவில்லை, கூடித்தான் போயிற்று. மீனும் முன்போல இல்லை. தோளுக்காகத் தொடங்கியது, கடைசியில் தோளுக்குத்தான் கேடாக முடிந்தது.

பனயோத் இன்றுவரை ஒரு குழாய்கூடக் கட்டவில்லை. தம்பியோடு மறுபடி பேசுகிறார், கால்பந்தைப் பற்றி மட்டும். அவர் மகன் ஒருவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், லாரி ஓட்டுகிறானாம்.

சென்ற கோடை முடிவில் ரலித்சா போன் செய்தாள். ஃபிலா சமையலறையில் கால்களை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷம் எத்தனைக்கா?"

"ரெண்டு."

"கம்மிதான்."

"ஆமா. கம்மிதான்."

பேட்டரி வாங்கி அனுப்புகிறேன் என்றாள் ரலித்சா. அனுப்பு என்றாள் ஃபிலா. முற்றத்திலிருந்து கிரியாக் உள்ளே எட்டிப்பார்த்து, காற்று திரும்புகிறது, நாளைக்கே தூக்கிவிட வேண்டும் போலிருக்கிறது என்றான். அவள் காலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, கையுறை காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கொடிக்கயிற்றுப் பக்கம் போனாள்.